வடிந்த வெள்ளம்

அன்புள்ள அக்கா,

அப்பாவின் மண்வெட்டியில் தார் ஒட்டியிருந்ததைத்தான் முதலில் கண்டேன். அரசாங்கம் போட்ட புது றோட்டில் தண்ணீர் போக மதகு வைக்கவில்லை. மழைவெள்ளம் தேங்கி, நம்முடைய வயல்வட்டையில் வேளாண்மைப் பயிர் அழுகத் தொடங்கியிருந்தது. உங்கள் கெம்பஸ் படிப்புச் செலவுக்கும் அந்த நெல்தானே.

காலையில் கடையடியில் சனம் ஏசியது. "எந்தப் படுபாவிகா ராவோட றோட்ட வெட்டின? பிள்ளப்பேறு நோவெடுத்த வதனிய ஏத்தின ஆட்டோ அந்த வெட்டுக் கிடங்கத் தாண்ட ஏலாம நிண்டு, வயித்திலயே பிள்ள செத்துப்போய்ட்டு."

வீட்டில் அப்பா காய்ச்சலோடு படுத்திருந்தார்.

"தண்ணி வடிஞ்சிட்டா மகள்?"

"வடிஞ்சிட்டு அப்பா."

சிரித்தார்.

பிறகு வதனி அக்கா வீட்டுக்குப் போய், வந்திருந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

உங்கள் தங்கச்சி