மாமா கையில் இடுக்கி

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்றும் மொட்டை மாடி. இன்றும் நான்தான் விசிறி. அட்டையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கரியை விசிறியதில் வலது தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. இடுக்கி மட்டும் மாமா கையில். வெயில் காலம் வந்துவிட்டால் இந்த வீட்டில் ஞாயிறு மாலை என்றால் கிரில், கிரில் என்றால் என் மாமனார். முப்பது வருஷம் பஸ் டிப்போவைக் கட்டி மேய்த்தவர். இடுக்கியை வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

கோழிக்கால் வழக்கம்போல. வெளியே கரி, உள்ளே ரத்தம். சகலை முதல் கடியிலேயே "பிரமாதம் மாமா" என்றார். அப்புறம் மச்சினி, அத்தை, என் மனைவி, ஆளுக்கொரு பிரமாதம். நானும் சொன்னேன். சொல்லிவிட்டு எலும்போரச் சிவப்பைப் பேப்பர் டம்ளருக்குள் துப்பி உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

தீ அடங்கி, கரிமேல் சாம்பல் பூத்து வெளுத்த பிறகுதான் எதையும் மேலே வைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷமாக வாய் வரவில்லை. வீட்டோட மாப்பிள்ளைக்கு வாய் எதற்கு?

ஏப்ரல் 8

இரண்டே மாசம் என்று சொல்லித்தான் வந்தோம். அப்போது மகள் குட்டிக்கு நாலு வயது, இப்போது ஏழு. எங்கள் அறையில் மாமாவின் இரும்பு பீரோ நிற்கிறது. அது நிற்பதால் கதவு சாத்தாது. மூன்று வருஷமாகச் சாத்தாத கதவுக்குப் பின்னால் குடித்தனம்.

இன்று ஒரு வீடு பார்த்தோம். நான் லென்ஸ் தேய்க்கும் கண்ணாடிக்கடைக்கு இரண்டு தெரு தள்ளி. பின்னால் சின்னதாக ஒரு சிமெண்ட் முற்றம். வீட்டுக்காரம்மா தையல்காரி. "மே ஒண்ணாம் தேதிக்குள்ள வந்துடுங்க, இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று வாயில் ஊசியோடு சொன்னார். என் மனைவி முற்றத்தில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள்.

சரி, மாமாவிடம் யார் சொல்வது? "உங்க அப்பா, நீ சொல்லு" என்றேன். "உங்க மாமா, நீங்க சொல்லுங்க" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் இதே பாட்டு.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லவில்லை. வாயைத் திறந்தேன், மாமா அதில் கருகின சோளத்தை வைத்தார்.

ஏப்ரல் 17

கடையில் கூட்டம் இல்லை. என் கையில் இடுக்கி இருந்தால் என்னவெல்லாம் சுடுவேன் என்று ரசீதுத் தாளின் பின்பக்கம் எழுதினேன். சோளம், மட்டையோடு தண்ணீரில் ஊறவைத்து. கனத்த வட்டமாக நறுக்கிய அன்னாசி, ஓரம் மட்டும் பழுப்பேற வேண்டும். தோல் மொறுமொறுக்கும் மீன். குடைமிளகாயும் காளானும் மாற்றி மாற்றிக் குத்திய கம்பி. கடைசியில் கோழிக்கால், அவசரமே இல்லாமல்.

ஆசையைப் பார். முதலில் கதவு சாத்தட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

என்னை எதால் அடிப்பது?

மாமா சந்தோஷமாக இருந்தால் சொல்வது சுலபம் என்று கணக்குப் போட்டேன். காலையில் அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கோழிக்கால் அத்தனையையும் உப்பு மஞ்சள் போட்டு முக்கால்வாசி வேகவைத்து, ஆறவிட்டு, மசாலா தடவி, ஒன்றும் தெரியாதவன்போல ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மாலையில் மாமா சுட்டார். கடித்தார். நிறுத்தி, தன் கையையே பார்த்துக்கொண்டார். சகலை சொன்ன பிரமாதத்தில் இன்று குரலே வேறு. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

இதுதான் சமயம் என்று, "மாமா, ஒரு விஷயம்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாப்பிள்ளை. நானும் அதைத்தான் யோசிச்சேன். நாளைக்கே கொத்தனார வரச்சொல்லி இங்கேயே செங்கல்ல அடுப்பு கட்டிடறேன். எனக்கு அப்புறமும் நீங்க எல்லாரும் இதே மாடியில சுட்டுச் சாப்பிடணும்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். இவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஏப்ரல் 22

கொத்தனாருக்குக் கையாள் வரவில்லை. கடைக்குப் போகுமுன் அறுபது செங்கல்லை மூன்று மாடி தூக்கினேன். என் ஜெயிலுக்கு நானே.

ஏப்ரல் 24

அடுப்பு காய்கிறது. நாளும் கரைகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் இவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இந்த வீட்டில் சாத்துகிற ஒரே கதவு அதுதான். இன்றைக்குக் கோழியை வேகவைக்கவில்லை. மறக்கவில்லை, மனசு வரவில்லை.

புது அடுப்பு. தீ முழங்கால் உயரத்துக்கு எரியும்போதே மாமா எல்லாவற்றையும் அடுக்கினார். முதல் துண்டைக் குட்டிக்குக் கொடுத்தார். அவள் வாய்க்குக் கொண்டுபோனாள். எலும்பருகே சிவப்பு தெரிந்தது. நான் எட்டிப் பிடுங்கிவிட்டேன்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஏன்?" என்றார் மாமா.

"உள்ள வேகல மாமா."

"போன வாரம் வெந்துச்சே."

"போன வாரம் நான் காலையிலேயே வேகவெச்சிட்டேன்."

சகலை தன் தட்டையே உற்றுப் பார்த்தார். அப்போது இவள் சொன்னாள். "நாங்க வீடு பார்த்துட்டோம்ப்பா. ஒண்ணாம் தேதி போறோம்."

மாமா இடுக்கியைச் செங்கல்மேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். கீழே இறங்கிப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். அய்யோ, ரெண்டு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாமே!

ஏப்ரல் 29

மாமா பேசவில்லை. நான் கூடத்துக்கு வந்தால் பேப்பர் உயர்கிறது. அத்தைதான் காபி கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னார். "கல்யாணமான நாள்லேருந்து அவர் சுட்டதை நான் கீழ கொண்டுவந்து குக்கர்ல வெச்சுத்தான் சாப்பிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மே 1

வந்துவிட்டோம். வண்டி ஏற்றும்போது மாமா மாடியிலேயே இருந்தார், இறங்கவில்லை. இவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவு சாத்துகிறது. நாலு தடவை சாத்திப் பார்த்தோம்.

மே 11, ஞாயிறு

சின்ன கிரில் ஒன்று, புது இடுக்கி ஒன்று. சோளமும் அன்னாசியும் சுட்டேன். நன்றாகவே வந்தன. குட்டி, "தாத்தா என்ன சுடுவாரு இப்போ?" என்றாள். இவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 18, ஞாயிறு

மதியமே அத்தை போன். மாலையில் வருகிறார்களாம். இரண்டு பேருமா என்று இவள் மூன்று தடவை கேட்டாள்.

மாமா முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பார்வை முழுக்க என் இடுக்கிமேல். சீக்கிரம் கொடுத்துவிட்டால் போதும் என்று, தீ அடங்கும் முன்பே கோழிக்கால்களை அடுக்கிவிட்டேன்.

முதல் துண்டு அவருக்கு. கடித்தார். ரொம்ப நேரம் மென்றார்.

"பிரமாதம் மாப்பிள்ளை."

எனக்கு உயிர் வந்தது. இவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் நான் என் துண்டைக் கடித்தேன். வெளியே கரி, உள்ளே சிவப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா குட்டியின் தட்டிலிருந்த காலை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அன்னாசியை வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை பேப்பர் டம்ளரை மூடியிருந்தது.