மூன்று முறை அளந்த படம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. கணையத்தில் கட்டி என்று சொன்னேனே, அந்த ஸ்கேன் படங்களை இதோடு இணைத்திருக்கிறேன். பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடுகிறதாம். கட்டி அதன்மேல் சும்மா ஒட்டியிருந்தால் உடனே ஆபரேஷனாம். குழாயின் சுவருக்குள் ஆழமாகப் புகுந்திருந்தால் முதலில் மாதக்கணக்கில் மருந்தாம். "படத்தை வச்சுக் கணிக்கத்தாம்மா முடியும்" என்று டாக்டர் இழுக்கிறார். உனக்கு அதுதானே வேலை? பயத்தில் நேற்று சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுத் தெருமுனைவரை போய்விட்டேன். உள்ளதைச் சொல்.

உன் அக்கா

மார்ச் 6

அக்கா,

பார்த்துவிட்டேன். ஒட்டித்தான் இருக்கிறது, உள்ளே போகவில்லை. ஒட்டியிருக்கும் இடம் குழாயின் சுற்றளவில் கால்பங்குகூட இல்லை. ஆபரேஷனுக்குச் சரி என்று சொல். அழாதே. மாமாவையும் அழவிடாதே.

தம்பி

மார்ச் 8

என் ராசாவுக்கு,

உன் மாமா உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தார். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். டாக்டர் இன்னும் யோசித்தார்; "என் தம்பியே பார்த்துட்டான்" என்று நான்தான் அடம்பிடித்தேன். வியாழக்கிழமை ஆபரேஷன். பயம் மட்டும் போன பாடில்லை.

அக்கா

மார்ச் 9

அக்கா,

வியாழக்கிழமை வேண்டாம். டாக்டரிடமும் போனில் சொல்லிவிட்டேன்.

ஆள் யாரென்று தெரிந்தால் கண் விரும்பியதையே பார்க்கும் என்று, எங்கள் அறையில் பெயரை மறைத்த பிறகுதான் எந்தப் படத்தையும் அளப்போம். உன் படத்துக்கு நான் அதைச் செய்யவில்லை. மூன்று முறை அளந்தேன். ஒவ்வொரு முறையும் அளவு குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக வந்ததை உனக்கு எழுதிவிட்டேன். "என் தம்பியே பார்த்துட்டான்" என்பதைப் படித்ததும் படத்தை மறுபடி எடுத்தேன். உன் பெயரை மறைத்து, வேறு பத்துப் படங்களோடு கலந்து எங்கள் சீனியர் அம்மாவிடம் கொடுத்தேன். உன்னுடையது வந்ததும் நிறுத்தினார். "இது பாதிக்கு மேல வளைச்சிருக்கு. குழாய் நசுங்கியிருக்கு பாரு, உள்சுவர் வரைக்கும் போயிருக்கும்" என்றார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. முதல் நாளிலிருந்தே. மன்னித்துவிடு.

தம்பி

மார்ச் 11

தம்பி,

ஆபரேஷனை நிறுத்தியாயிற்று. திங்கள் முதல் மருந்து. உன் மாமா கொதிக்கிறார், ரெண்டு நாளில் ஆறிவிடுவார். எனக்கும் கோபம்தான், உன்னை நம்பி வயிற்றைக் கிழிக்கக் கொடுத்திருப்பேனே, பாவி! ஆனால் இங்கே வருகிற எல்லாரும் "ஒண்ணும் ஆகாது" என்றே சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

மருந்து முடிந்ததும் புதுப் படம் எடுப்பார்களாம். அதை நீ தொடாதே. பெயரை மறைத்து அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டு, இங்கே கிளம்பி வா. அவர் என்ன சொன்னார் என்று கேட்கும்போது நான் உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உன் அக்கா