நியாயமான கொலை ஆட்டம்

நாள் 212. 09:10
வியாழனின் கலிஸ்டோ நிலவு, பனியில் துளையிடும் நிலையம். பதிவு செய்பவள் பொற்செல்வி, மென்பொருள் பொறுப்பு. காற்று சரி. தண்ணீர் சரி. துளை 1,940 மீட்டர். நிலையத்தில் இருவர்: நானும் கமாண்டர் குலசேகரனும். மூன்றாமவர் நிலவியலாளர் ரொசாரியோ. நாள் 171இல் வெளியே இறந்தார். விண்வெளி உடையின் ரேடியோ பழுது, அழைப்பே வரவில்லை என்கிறது கமாண்டரின் அறிக்கை. அது நான் உறங்கும் வேளை.

ஓய்வில் நான் கொலைப் புதிர் வீடியோ கேம்கள் எழுதுகிறேன். பூமியில் எட்டாயிரம் பேர் ஆடுகிறார்கள். எதையும் முதலில் ஆடிப் பார்ப்பவர் கமாண்டர். இன்று இன்டர்காமில் கோபித்துக்கொண்டார்:
"என்ன செல்வி இது? முக்கியமான தடயத்தக் கடைசி சீன் வரைக்கும் ஒளிச்சு வெச்சுட்டு, கண்டுபிடின்னா எப்படி? ஆடுறவன ஏமாத்துற வேல இது."
அவர் சொன்னது சரி. திருத்துகிறேன்.

நாள் 215. 16:40
புதிய கேமில் ஒரு ரேடியோ காட்சி. நிஜமான இரைச்சல் தேவைப்பட்டது. ஆன்டெனா கம்பத்தின் நினைவகத்தில் தேடினேன். தன் வழியாகப் போகும் ஒலியையெல்லாம் கம்பம் தனியே சேமித்துக்கொள்ளும். யாரும் அதைத் திறப்பதில்லை. நாள் 171, 13:12:
"சார், கேக்குதா? ரொசாரியோ பேசுதேன். கதவுகிட்ட நிக்கேன். உடுப்பு கிழிஞ்சுட்டு. சட்டுனு தொறங்க."
"கொஞ்சம் பொறுப்பா. கதவுக்குக் கரண்ட் குடுத்தா ட்ரில் நின்னுரும். நின்னா ஐஸ்ல ஒறஞ்சு போயிரும்."
"எவ்வளவு நேரம் சார்?"
'கிளிக்' என்று ஒரு சத்தம். கமாண்டர் ஒலியை அணைத்துவிட்டார். ரொசாரியோ பதினோரு நிமிடம் பேசினார். கடைசியில் கமாண்டரைக் கூப்பிடவில்லை. தங்கை ஃபிலோமியைக் கூப்பிட்டார்.
எட்டு மீட்டர் தள்ளி நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாள் 216. 08:00
கமாண்டர் எதிரே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார். உப்பு போதவில்லை என்றார். எடுத்துக் கொடுத்தேன்.
பூமிக்குப் புகார் அனுப்பலாம். மூடிய அறையில் விசாரிப்பார்கள், பிறகு மூடியே வைப்பார்கள். அது எனக்குப் போதாது.

நாள் 229. 11:20
கேம் முடிந்தது. பெயர்கள் மாற்றப்படவில்லை. கதவின் நேரப்பதிவு, மின்சாரக் கணக்கு, கமாண்டரின் அறிக்கை, ரொசாரியோவின் குரல் எல்லாமே முதல் பத்து நிமிடத்தில் ஆடுபவரின் கையில் இருக்கும். இனி யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்ல முடியாது.

வழக்கம்போல் கமாண்டருக்குக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஆடினார். கொலையாளி யார் என்ற கேள்விக்கு "ரொசாரியோவின் கவனக்குறைவு" என்பதைத் தேர்ந்தெடுத்தார். தவறு, மீண்டும் முயலலாம் என்றது திரை. "பழுதான ரேடியோ" என்றார். தவறு. மூன்றாம் முறை திரையை அணைத்துவிட்டார். இன்டர்காமில் குரல் தணிந்து வந்தது:
"இத அனுப்பாதம்மா. ட்ரில் போயிருந்தா ரெண்டு வருஷ உழைப்பு போயிருக்கும். உன் உழைப்புந்தான்."
"காலைலயே அனுப்பியாச்சு சார்."

நாள் 236. 14:15
எட்டாயிரத்தில் ஏழாயிரத்துச் சொச்சம் பேர் கொலையாளி குலசேகரன் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பூமியில் அவர் பெயர் தெருவெல்லாம் நாறுகிறதாம். அவரைக் கைது செய்ய ஒரு கலம் பூமியிலிருந்து கிளம்புகிறது. இனித்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே இனித்தது.
பிறகு ஒரு குரல் செய்தி:
"அக்கா, ஃபிலோமி பேசுதேன். ஏழு தடவ ஆடிட்டேன். ஆளக் கண்டுபிடிக்கது சுளுவாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் எங்கண்ணன் சாவுதானே. கதவத் தொறக்க ஒரு வழியாச்சும் வச்சிருக்கக் கூடாதாக்கா?"
தடயம் நியாயமா, விடை நியாயமா என்று நூறு முறை சரிபார்த்தேன். யார் உட்கார்ந்து ஆடுவார்கள் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.
அழுதேன். அழுது முடித்ததும் அந்தக் குரலை நிலையத்தின் எல்லா ஸ்பீக்கரிலும் ஓடவிட்டேன். திரும்பத் திரும்ப. இருபதாம் தடவை கமாண்டர் தம் அறையிலிருந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

15:05
வெளிக் கேமராவில் பார்க்கிறேன். ஆன்டெனா கம்பத்தின் அடியில் நின்று அதை வெட்டுகிறார். கம்பத்தின் நினைவகம்தான் அசல் சாட்சி. அது போனால் கேமில் வரும் குரல் போலி என்று சொல்லிவிடலாம்; முழு நினைவகத்தின் நகலும் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது.

15:24
பூமியின் இணைப்பு அறுந்தது. கம்பம் அவர் மேலேயே சாய்ந்தது.

15:31
உடையின் ரேடியோ, கம்பம் இல்லாமல் நேராகவே கேட்கிறது:
"செல்வி, காத்துக் குழாய் பிஞ்சிருச்சு. கதவுகிட்ட வந்துட்டேன். தொற."
ட்ரில் இன்று ஓடவில்லை. கதவுக்கு மின்சாரம் இருக்கிறது.

15:33
"செல்வி, கேக்குதா?"
கேட்கிறது.

15:36
"நாந்தான்மா. நாந்தான் அவனக் கொன்னேன். போதுமா?"
சரியான விடை. கை பட்டன் மேல்தான் இருக்கிறது. அழுத்தினால் நான்கு விநாடியில் திற—

15:39
தட்டுகிறார்.

15:42
தட்டவில்லை.

16:10
இந்தப் பதிவை எடுத்துப் படிப்பவருக்கு. ஒலிப்பதிவு இருக்கிறது. கதவின் நேரப்பதிவு இருக்கிறது. அத்தனை நேரமும் நான் விழித்திருந்தேன். எதையும் அழிக்கவில்லை.