பலகையில் ஒட்டிய பதில்

அன்பு மச்சான் சேகர்,

நீ போன இடத்தில் மாதாந்திரக் கூட்டம் இருக்காது என்று நம்புகிறேன். இங்கே இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் நம் வாசகசாலைக்கு ஓர் இணையப் பக்கம் அமைத்து, அதில் ‘நூலகரைக் கேளுங்கள்’ என்று ஒரு பெட்டி வைத்தாயே, நினைவிருக்கிறதா? வேலைக்குப் போகிறவர்கள் இருந்த இடத்திலிருந்தே கேட்கட்டும் என்றாய். நீ உயிரோடு இருந்தவரை கேள்வி வந்த அன்றே பதில் போனது. பிறகு வாசகசாலைத் தலைவர் அதற்கு ஒரு முறை வகுத்தார்.

“கண்ட நேரத்துல பதில் சொன்னா நமக்கு என்ன மரியாதை? எல்லாம் கமிட்டிக்கு வந்து மினிட்ஸ்ல ஏறணும் லா.”

எனவே கேள்வியை அச்சடித்துக் கூட்டத்தில் வைக்கிறோம். பதிலை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிகிறார். பிறகு முத்திரை குத்தி, வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். ஆமாம் மச்சான், பலகையில்தான்.

கிள்ளானிலிருந்து தேவகி என்ற பெண், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பியிருந்தாள். “அப்பாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. பெரிய எழுத்துல கதைப் புத்தகம் இருக்கா அண்ணே? ஃபேக்டரியில ஞாயிறு மட்டுந்தான் லீவு. இருந்தா ரயிலேறி வரேன்.”

‘உள்ளது’ என்று ஒட்டினோம். கிள்ளானிலிருந்து அதைப் படிக்க எவ்வளவு பெரிய எழுத்து வேண்டும்?

மறுமாதம் மறுபடி எழுதினாள். “அண்ணே, அங்க யாராச்சும் இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நாள்தான் அப்பாவால படிக்க முடியும்னு டாக்டர் சொல்றாரு.”

‘ஏற்கெனவே பதிலளிக்கப்பட்டது, நடவடிக்கை தேவையில்லை’ என்று மினிட்ஸில் ஏறியது. தலைவர் ஒரு படி மேலே போனார். “ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. யாருக்கும் இத யூஸ் பண்ணத் தெரியல. அடுத்த கூட்டத்துல மூடிடலாம்.”

வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் பொருமினேன். “அண்ணன் பாஸ்வர்டுக்கு எப்பவும் என் பேரத்தான் போடும். போய்த் தட்டுங்க, சும்மா பொலம்பிக்கிட்டு,” என்றாள். தட்டினேன். திறந்தது. ‘இருக்கிறோம் அம்மா. புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிறு வாருங்கள்’ என்று உடனே எழுதினேன்.

ஞாயிறன்று தேவகி அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். பலகையைத் தாண்டித்தான் வந்தார்கள், நின்று பார்க்கவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். தலைவர் உட்பட எல்லோரும் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினோம்.

படித்து முடித்துத் தலைவரை நிமிர்ந்து பார்த்தார். “பதில் போட்ட சேகர் தம்பி நீங்களா?”

உன் கணக்கிலிருந்து எழுதினால் கீழே உன் பெயர் தானாக விழும் என்பதை நான் யோசிக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். சட்டம் பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

“சேகர் இன்னைக்கு வரல அங்கிள்,” என்றார். “நீங்க படிங்க.”

பக்கத்தை மூடும் தீர்மானம் நேற்று ஒத்திவைக்கப்பட்டது. காரணம் மினிட்ஸில் இல்லை. பலகையில் ஒட்டுவது மட்டும் தொடர்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திருத்த முடியுமா?

கேள்வி வந்த அன்றே பதில் போகும், மச்சான். கீழே விழும் பெயரை எப்படி மாற்றுவது என்று இப்போது எனக்குத் தெரியும். மாற்ற மாட்டேன்.

உன் தங்கையைக் கட்டிய பாவத்துக்கு உன் வேலையையும் பார்க்கும்,
மச்சான்