இரண்டு துப்பாக்கியிலும் ஒரே மான்

14 ஜூன் 1987
ஓசூரில் மழை இல்லை. கெலவரப்பள்ளி அணையின் நீர்மட்டம், சிப்காட்டில் கதவடைப்பின் நான்காம் நாள் — இரண்டையும் செய்தியாக எழுதிப் பத்திரிகைக்குப் பெங்களூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

மதியம் ஒரு பெண் வந்தார். தேன்கனிக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம். பெயர் முனிலட்சுமி. கரியப்பனின் மனைவி என்றதும் நினைவு வந்தது. டிசம்பரில் நான் எழுதிய வழக்கு.

கரியப்பனும் முனிலட்சுமியின் அண்ணன் கோவிந்தப்பனும் நிலக்காரர் நாராயணப்பனின் கேழ்வரகுக் கொல்லைக்கு யானைக் காவல். நிலக்காரர் தன் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியைக் கரியப்பனிடம் கொடுத்து வைத்திருந்தார். ஒருநாள் அது வெடித்துக் கோவிந்தப்பன் செத்தார். கீழே விழுந்து வெடித்தது என்றார் கரியப்பன். இரண்டு நாள் முன்பு இருவருக்கும் வரப்புத் தகராறு நடந்திருந்தது. கொலை வழக்கு. சேலம் சிறையில் இருக்கிறார்.

"கீழ வுழுந்தா வெடிக்காதுன்னு எழுதினீங்களே சார், அந்தத் துப்பாக்கிய நீங்க பாத்தீங்களா?"

பெங்களூரில் துப்பாக்கிக் கடையில் பார்த்தேன், அதே கம்பெனி, அதே பெயர் என்றேன்.

"சந்தையில நிக்கற மாட்டப் பாத்துட்டு, எங்கூட்டு மாடு முட்டாதுன்னு எழுதலாமா?"

தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

15 ஜூன்
டிசம்பர் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கடைக்காரர் துப்பாக்கியை மூன்று முறை பாய்மேல் போட்டுக் காட்டியது, பக்கவாட்டில் பொறித்த மான், விலை — எல்லாம் இருக்கிறது. நிலக்காரரின் துப்பாக்கி எந்த வருஷத்தது? அது இல்லை. கேட்கவே இல்லை.

முப்பத்தோரு வருஷ நிருபர் வேலையில் எதைப் பற்றியும் அடுத்தவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த வருஷம் என்பதுதான்.

18 ஜூன்
பெங்களூர். கடைக்காரர் சாவகாசமாகச் சொன்னார். "நாராயணப்பன்து அவங்க அப்பா நம்ம கடையில வாங்கினது சார். பழைய மாடல். நீங்க பாத்தது அப்புறம் மாத்திச் செஞ்சது. பேரை மட்டும் மாத்தல."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே சார்."

21 ஜூன், ஞாயிறு
கரியப்பனின் வக்கீல் அண்ணாதுரையைச் சூளகிரியில் அவர் வீட்டில் பார்த்தேன். வழக்குக் கட்டைப் பிரித்து ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். கோவிந்தப்பனின் மனைவி சென்னம்மா முதல் நாள் போலீஸில் சொன்னது: 'காவல் பரண் ஏணியிலிருந்து விழுந்து வெடித்தது.' இன்னொரு தாள், பதினோரு நாள் கழித்து: 'கரியப்பன்தான் சுட்டான்.'

"நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாருங்க" என்றார்.

நடுவில் என் செய்தி. டீக்கடையில் யாரோ அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து நாத்தனார் முனிலட்சுமியின் முகத்தில் விழிப்பதில்லையாம். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.



2 ஜூலை
கொல்லைக்குப் போய்ப் பரணைப் பார்த்தேன். ஏணிக்குப் பதினான்கு படி. ஏற இரண்டு கையும் வேண்டும். அதனால் துப்பாக்கியைத் துண்டில் முடிந்து தோளில் தொங்கவிட்டு ஏறுவது இங்கே வழக்கம். மற்றவர் கீழே பந்தத்தோடு நிற்பார். முதல் ஆள் மேலே போனதும் பந்தத்தை எட்டிக் கொடுப்பார். ஏணியடியில் ஒரு பாறை. கோவிந்தப்பன் நின்ற இடம் அதுதான்.

நாராயணப்பன் வந்தார். தோட்டா போட்டுத்தான் ஏறுவார்களா என்று கேட்டேன்.

"மேல போயி இருட்டுல தடவிக்கினா போடுவாங்க? ஆனை காத்துக்கினு நிக்குமா?"

ஏறும்போது துண்டின் முடிச்சு நெகிழ்ந்திருக்கலாம். டிசம்பரில் நான் இங்கே வரவே இல்லை.

9 ஜூலை
டிசம்பர் செய்திக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன், ஒன்றரைப் பக்கம். ஆசிரியர் போனில் வந்தார். "என்னய்யா, ஏழு மாசம் கழிச்சு? ஊர்ல சிரிக்க மாட்டாங்க?" சிரிக்கட்டும் என்றேன்.

11 ஜூலை
ஆறாம் பக்கத்தில் நான்கு வரி வந்திருக்கிறது. சாட்சி சொல்ல வருவதாக அண்ணாதுரையிடம் சொல்லிவிட்டேன்.

22 ஜூலை
கிருஷ்ணகிரி கோர்ட். இரண்டு துப்பாக்கிகளும் ஒரே மேஜையில். பழையது போலீஸ் சீலோடு. புதியது பெங்களூரிலிருந்து வந்தது.

தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே நீளம், அதே மரப்பிடி, குழாயை மடக்கித் திறக்கும் அதே முறை, அதே மான். பழையதன் மானுக்குக் கொம்பு தேய்ந்திருக்கிறது. பழையதைத் திறக்க முழு பலம் வேண்டும். புதியது இரண்டு விரலுக்குத் திறக்கிறது. இவையெல்லாம் சில்லறை. விஷயம் பின்னால் இருக்கிறது. குதிரை என்று சொல்கிறார்களே, சுத்தியல் போல வந்து அடிக்கும் பாகம் — பழையதில் அது இறங்கி நிற்கும்போது தோட்டாவைக் குத்தும் ஊசியின் மேலேயே சாய்ந்திருக்கிறது. மேலிருந்து ஓர் அடி விழுந்தால் ஊசிக்கும் அதே அடி. புதியதில் விசையை இழுத்தால் ஒழியக் குதிரை ஊசியைத் தொடாது. நடுவே நகக்கண் அளவு இடைவெளி.

தர்மபுரி ஆயுதப்படையிலிருந்து வந்தவர் ஈயமும் மருந்தும் இல்லாமல், ஊசி குத்தினால் வெடிக்கும் கேப்பு மட்டும் உள்ள தோட்டாவைப் போட்டு, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து கல்மேல் விட்டார். புதியது ஐந்து முறை விழுந்தது; சத்தமில்லை. பழையது இரண்டாம் முறையே படீர் என்றது.

கூண்டில் நின்ற கரியப்பன் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

பிறகு நான். அரசு வக்கீல் விடவில்லை. "நிருபர் சார் டிசம்பருக்கு ஒண்ணு, ஜூலைக்கு ஒண்ணு எழுதுவாரோ?" கோர்ட்டில் சிரித்தார்கள்.

"டிசம்பரில் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பற்றி எழுதினேன். அது என் தவறு" என்றேன். நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் சென்னம்மா என்னை மறித்தார்.

"அப்ப அது வுழுந்துதான் வெடிச்சுதா?"

"விழுந்து வெடிக்கக்கூடியதுதான், அம்மா. அன்றைக்கு நான் அங்கே இல்லை."

"அன்னிக்கும் இப்பிடிச் சொல்லியிருந்தா ஆவாதா சார்?"

 

14 ஆகஸ்ட்
கரியப்பன் விடுதலை. செய்தியை நானே எழுதினேன். துப்பாக்கி எந்த வருஷத்தது என்பது முதல் பத்தியிலேயே இருக்கிறது.

3 செப்டம்பர்
அண்ணாதுரை சொன்னார்: கரியப்பன் ஓசூரில் ஒரு ஆலை வாசலில் காவலுக்குச் சேர்ந்துவிட்டாராம். கையில் ஊதலும் தடியும் மட்டும். நாராயணப்பன் புதிய மாடல் வாங்கித் திரும்பக் கூப்பிட்டதற்கு வரமாட்டேன் என்றாராம். சென்னம்மா இன்னும் அந்த வீட்டோடு பேசவில்லை.

28 நவம்பர், சனி
கோவிந்தப்பனின் வருஷத் திதி. நாத்தனாருக்குச் சென்னம்மாவே ஆள் அனுப்பியிருக்கிறார். எனக்கு முனிலட்சுமி சொல்லியனுப்பினார். போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். போனேன்.

முனிலட்சுமி விடியலிலேயே போய் அண்ணியோடு அடுப்பில் நின்றிருந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. உப்பு, கரண்டி, இன்னும் கொஞ்சம் தண்ணி — அவ்வளவுதான்.

கரியப்பன் உள்ளே வரவில்லை. தெருவில் புளியமரத்தடியில், காக்கிச் சட்டையோடு. நானும் அவர் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

படையல் முடிந்தது. சென்னம்மா வாசலுக்கு வந்தார். கோர்ட் தாளில் அந்த அம்மாவின் வாக்குமூலத்தில் கரியப்பன் ஏழு இடத்தில் 'அவன்'. எண்ணியிருக்கிறேன்.

"இலை போட்டாச்சு" என்றார். எங்களைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்து. உடனே திரும்பவில்லை. நிலையைப் பிடித்தபடி கரியப்பன் பக்கம் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணா."