வாயை மூடிக்கொண்டு பார்க்கும் ஆட்டம்

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இன்று விளையாட்டரங்கத்திலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில், கைப்பையும் நானுமாக, அத்தனை பேர் பார்க்க!

நாத்தனாருக்குக் கண் தெரியாது. கோல்பால் ஆடுகிறாள். பந்துக்குள் மணி இருக்கும். அது கேட்கும் திசையில் தரையில் பாய்ந்து, உடம்பையே சுவராக்கித் தடுக்க வேண்டும். அதனால் பார்க்க வந்தவர்கள் கப்சிப். ஊர்வம்பு பேசியே உடம்பு வளர்த்த என்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால்?

அரையிறுதி. பந்து வந்தது. அவள் தடாலென்று விழுந்தாள். "ஐயோ பாவம்!" தொண்டை என்னுடையதுதான். பந்து அவள் கால்மாட்டில் நுழைந்து கோல்.

எப்படியோ ஜெயித்து இறுதிக்குப் போய்விட்டார்களாம். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 3

காபி கொடுத்தேன். "நன்றி அண்ணி" என்றாள். நன்றியாம்! வீட்டு மனுஷிக்கு யார் நன்றி சொல்வார்கள்? என் மேல் அவளுக்குக் கோபம் உச்சத்தில் இருக்கிறது.

மார்ச் 5

இறுதி ஆட்டத்துக்கு முதலில் இறங்கும் மூவரில் அவள் இல்லை. கோச் சொல்லிவிட்டாராம். சாப்பிடாமல் அறைக்குப் போய்விட்டாள். எத்தனை மாதப் பயிற்சி! என் வாய் தின்றுவிட்டதே.

மார்ச் 6

கோச்சைப் பார்க்கப் போனேன். கத்தினது நான்தான் என்று சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"சார், பாவம் சார். கண்ணு தெரியாத பொண்ணு. ஒரு சான்ஸ்..."

"எங்க டீம்ல வேற யாருக்கும்மா கண்ணு தெரியுது?"

வாங்கிப் போன பிஸ்கட்டை நானே தின்றுகொண்டு திரும்பினேன்.

மார்ச் 7

கோச் அவளிடம் சொல்லிவிட்டார். பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்குப் பிரமோஷன் வரலைன்னா, மேனேஜர்கிட்ட போய் 'பாவம் சார்'னு நிப்பீங்களா அண்ணி?"

"ஐயையோ, மானம் போயிடும்."

"எனக்கு மட்டும் அது இல்லையா?"

கழுவின டம்ளரையே மறுபடி கழுவினேன்.

போகிற போக்கில் இன்னொன்றும் போட்டாள்: "நான் வர்றேன்னு நாற்காலியை ஒதுக்கி ஒதுக்கி வெக்கிறீங்க பாருங்க, அதுலதான் தினம் இடிச்சுக்கிறேன்."

நானோ, இடித்துக்கொள்கிறாளே என்றுதான் ஒதுக்கினேன். இத்தனை வருடமாக! எல்லா நாற்காலியையும் பழைய இடத்தில் வைத்தேன்.

மார்ச் 8

காலையிலேயே பயிற்சிக்குப் போனவள் முழங்கையெல்லாம் கன்றிப்போய் வந்தாள். "ஐயோ" வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நல்லா வேணும்" என்றேன்.

இந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். மருந்துக்குக் கையையும் நீட்டினாள்.

மார்ச் 9, ஞாயிறு

இறுதி ஆட்டம். அரங்க வாசலில் நின்றவர் என்னை அடையாளம் கண்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணத்துக்குப் பிறகு இப்படியொரு அமைதியை அவர் கண்டதில்லை.

இரண்டாம் பாதியில் அவளை இறக்கினார்கள். இடம் வலம் என்று பாய்ந்தாள், ஒரு பந்துகூடத் தாண்டவில்லை. விழுந்தபோதெல்லாம் பாவம் என்று தோன்றவில்லை. அந்தப் பக்கம் பந்து போட்டவர்களைத்தான் பாவம் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டார்கள். விசில் ஊதியதும் கைக்குட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நான் கத்திய கத்தலில் முன்வரிசைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவர் சட்டையில்.

வீட்டுக்கு வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு 'ஐயோ பாவம்'னு கத்தி உன் இடத்தைப் பறிச்சது நான்தான்."

முழங்கால் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"யாரோ கத்தினாங்கன்னு கோச் சொன்னார். அது நீங்களா? எனக்குக் கேக்கவே இல்லையே அண்ணி. நான் அதுக்கு முன்னாடியே தப்பான பக்கம் விழுந்தாச்சு."