திரையில் அவர் வாயைத் திறந்தபோது

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

இன்று மகள் மதியோடு சிலாபத்துக்குப் போய் அந்தப் பாட்டுப் படத்தைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு முன் வெட்டிய காட்சிகளைச் சேர்த்து மறுபடியும் ஓட்டுகிறார்கள். எங்கள் உடப்புக் கரையில் எடுத்த கரைவலைப் பாட்டும் இருக்கிறது என்றார்கள். வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர்தான். படக்காரர்கள் அவரையே முன்னுக்கு நிறுத்தினார்கள். அவர் கடலோடு போனபோது மதிக்கு ஒரு வயது. வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. அதைக் கேட்கத்தான் போனேன்.

திரையில் கயிற்றைப் பிடித்தபடி அவர் வாயைத் திறந்தார். வந்தது யாரோ ஒரு பாட்டுக்காரனின் குரல். தேன் மாதிரி, வயலினோடு. இவருடையது கரகரத்த குரல். கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

மதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா, அப்பாட குரல் எவ்வளவு வடிவா இருக்கு!"

"ஓம் பிள்ள" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் குரலை நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாட்டுக்காரன்தான் பாடுகிறான். பக்கத்து அறையில் மதியும் அதையே முணுமுணுத்துக்கொண்டு கிடக்கிறாள்.